உப்புக் கை

செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். என் பெரியம்மா செத்து ஆறு மாதம் ஆகிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் படத்துக்கு மாலை போட்டுவிட்டு "மகராசி, மகராசி" என்கிறார்கள். மகராசிதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மகராசி எனக்குச் செய்ததை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? அதனால் பேசத்தான் போகிறேன்.

பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் வீடு, வீட்டைச் சுற்றி இடம், பின்னால் ஒரு கறிவேப்பிலைச் செடி. நாங்கள் பாலக்கரையில் ஒண்டுக் குடித்தனம். வருஷா வருஷம் ஆடிப்பெருக்குக்கு முதல் நாளே குடும்பம் மொத்தமும் கைலாசபுரத்தில் கூடிவிடும். விடியற்காலையில் சித்திரான்னம் சமைத்து, தூக்குகளில் அடைத்து, வேன் பேசிக்கொண்டு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போய், காவேரிக்குப் படைத்துவிட்டுப் படித்துறையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இருபத்திரண்டு பேர். அதில் ஒன்பது பேர் பிள்ளைகள்.

பெரியம்மா பிறந்தது மருங்காபுரிப் பக்கம், வானம் பார்த்த பூமி. "எங்க ஊருல ஆடு குடிக்கவே தண்ணி கெடையாது. இங்க என்னடான்னா ஆறு கரை முட்டிப் போவுது. கும்பிடாம என்ன பண்ணுவே?" என்பார். தண்ணீர் வராமல் படித்துறையில் ஷவர் போட்டிருந்த வருஷங்களிலும், அந்த ஷவருக்கு அடியில் நின்று காய்ந்த மணலைப் பார்த்துக் கும்பிட்ட ஆள் அவர்.

மற்ற வீடுகளில் பண்டிகைச் சமையல் என்றால் பிள்ளைகளை அடுப்படியிலிருந்து துரத்துவார்கள். பெரியம்மா உள்ளே இழுப்பார். ஒன்பது பேருக்கும் வேலை உண்டு. மூன்று வயசுக்காரனுக்குக்கூட நிலக்கடலைத் தோலை ஊதிப் பறக்கவிடும் வேலை. ஆண் பிள்ளை பெண் பிள்ளை என்ற பேச்சே கிடையாது. "திங்கிற வாய் இருக்கில்ல, அப்ப செய்யிற கையும் இருக்கும்" என்பார். தேங்காய் திருவ, எலுமிச்சம்பழம் பிழிய, வெல்லம் தட்டிக் காப்பரிசி கலக்க எல்லாம் நாங்கள் கற்றது அங்கேதான். திருவும்போது ஓடு தெரியும் முன்னால் நிறுத்த வேண்டும் என்று என் விரலைப் பிடித்துக் காட்டியவர் அவர்தான். இன்றைக்கும் தேங்காயை எடுத்தால் அந்த விரல் தன்னால் நிற்கிறது. அது ஒரு எரிச்சல் எனக்கு.

படித்துறையில் சாப்பிடும்போது பெரியம்மா ஒவ்வொரு சாதத்தையும் வாயில் போட்டுவிட்டு, "இது யார் கை?" என்று கேட்பார். செய்த பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். பெரியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து "நல்லா இருக்குடா" என்று சொல்லியாக வேண்டும். ஐந்து வயசுப் பையன் எழுந்து நின்று "எலுமிச்சம்பழம் நான்தான் பிழிஞ்சேன்" என்று சொன்னபோது அவன் காது சிவந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிவப்புக்காக நாங்கள் வருஷம் முழுக்கக் காத்திருந்தோம்.

நன்றாக வந்தால் அந்தக் கேள்வி கிரீடம். கெட்டுப் போனால் அதே கேள்வி அரிவாள்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பெரியம்மாவின் கை மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. ஒரு தடவை அவரே நெய்ப் புட்டியைத் தட்டிவிட்டார். தரை முழுக்க நெய். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, "இங்க கொண்டாந்து வெச்சது யார் கை?" என்றார். சித்தி அழுதுகொண்டே துடைத்தாள். பால் பொங்கினால் அடுப்பை மூட்டியவன் கை. கோலம் கலைந்தால் வாசல் தெளித்தவள் கை. தப்பு என்பது எப்போதும் இன்னொருவர் கையில்தான் இருந்தது. அதையும் அவர் கத்திச் சொல்லமாட்டார். சாதுவாகச் சொல்வார். அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

ஆடிப்பெருக்குச் சமையலுக்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் மூன்று. காவேரி வாய் வைக்கும் முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது. எச்சில் தெறிக்கும் என்பதால் அடுப்படியில் யாரும் வாய் திறக்கக் கூடாது; எதுவானாலும் ஜாடைதான். மூன்றாவது உப்பு. ருசி பார்க்க முடியாது, கேட்கவும் முடியாது என்றால் உப்புப் போட்டாயிற்றா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழி செய்திருந்தார். உப்புப் போடுவது ஒரே ஒரு கை. போட்டதும் அந்தப் பாத்திரத்து மூடிமேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை வைக்க வேண்டும். கொத்து இருந்தால் உப்பு இருக்கிறது. கொத்து இல்லாவிட்டால் உப்பு இல்லை.

அந்த ஒரு கை பத்து வயசுப் பிள்ளையின் கையாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. முதல் நாள் சாயங்காலம் எங்களை வரிசையாக உட்கார வைத்து, கல் உப்பை அள்ளச் சொல்லி, மூடிய முஷ்டியைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். "பெரியவங்க கை கோவத்துக்குத் தக்கன பெருசாவும், சின்னதாவும். புள்ள கை மாறாது" என்பார்.

எனக்குப் பத்து வயசானபோது என் முஷ்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "இந்த வருஷம் இவதான்டி உப்புக் கை" என்றார். அன்று ராத்திரி நான் அந்தக் கையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே வைத்துத் தூங்கினேன்.

விடியற்காலையில் புளி கொதித்துக்கொண்டிருந்தது. சொன்ன அளவு நான்கு பிடி போட்டேன். மூடினேன். கொத்தை வைத்தேன். பிறகு அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தேன். தயிர் சாதத்துக்குத் தாளிக்க வந்த பெரியம்மா கையை நீட்டினார். தட்டில் கறிவேப்பிலை தீர்ந்திருந்தது. பறிக்கப் போனவன் வரவில்லை. எண்ணெய் புகைந்தது. சட்டென்று புளிச் சட்டியின் மூடிமேல் இருந்த கொத்தை எடுத்து உருவி எண்ணெயில் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேன்காரன் ஹாரன் அடித்தான். பெரியம்மா ஒவ்வொரு மூடியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். புளிச் சட்டி வெறும் மூடியோடு இருந்தது. உச்சுக் கொட்டிக்கொண்டு, உப்பு ஜாடியில் கையை விட்டுப் போட்டார்.

நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அடுப்படியில் பேசக் கூடாது. தவிர, பெரியம்மா தப்புச் செய்வார் என்பது அப்போது என் புத்தியில் ஏறவே இல்லை.

படித்துறையில் முதல் வாயிலேயே பெரியப்பா துப்பிவிட்டார். அடுத்துச் சித்தப்பா. பிள்ளைகள் ஒவ்வொருவராக "த்தூ" என்றார்கள். பெரியம்மா கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"இது யார் கை?"

எழுந்து நின்றேன். "நான் சரியாத்தான் போட்டேன். நீங்கதான் கொத்தை எடுத்துத் தாளிச்சிட்டு, மறுபடியும் உப்புப் போட்டீங்க பெரியம்மா. நான் பாத்தேன்."

பெரியம்மா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கூட்டத்தைப் பார்த்து, சாதுவாக, "சின்னப் புள்ள, தெரியாம சொல்லுது. விடுங்க" என்றார்.

அவர் விட்டார். அப்பா விடவில்லை. "அண்ணிய எதுத்தா பேசுற?" என்று கன்னத்தில் ஒன்று வைத்தார். அம்மா தயிர் சாதத் தூக்கின் மூடியைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தாள். புளிசாதம் முழுக்க மீனுக்குப் போனது. அன்றிலிருந்து குடும்பத்தில் என் பெயர் உப்பு.

அடி வலிக்கவில்லை. பொய்க்காரி ஆனதுதான் வலித்தது. 'புள்ள பொய் சொல்லல, என் கைதான்' என்று அதே ஆட்கள் நடுவில் பெரியம்மா வாயால் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும் என்று அந்தப் பத்து வயசில் முடிவு செய்தேன். பிறகு எனக்குப் படிப்பு வந்தது, கல்யாணம் வந்தது, பிள்ளை வந்தது. அந்த முடிவு மட்டும் போகவில்லை.

அதுவரை சும்மா இருந்தேனா? இல்லை. அடுத்த ஆடிக்குள் குவார்ட்டர்ஸுக்குப் போகும்போதெல்லாம் பின்பக்கம் போய் அந்தக் கறிவேப்பிலைச் செடியை மொட்டையடித்தேன். ஒரு இலை விடாமல், நுனிக் குருத்தோடு சேர்த்து ஒடித்தேன். மூன்று தடவை. பாழாய்ப் போன செடி, ஒடிக்க ஒடிக்க இரண்டு மடங்காகத் தழைத்தது. "யாரோ நல்ல கை பட்டிருக்கு" என்று பெரியம்மா பூரித்துப் போனார். இந்தக் கதையை என் மகளிடம் எத்தனையோ தடவை சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அவளும் "மறுபடி சொல்லும்மா" என்று கேட்பாள்.

என் கல்யாணப் பந்தியில் பெரியம்மா மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார்: "எங்க பொண்ணுக்குக் கைப்பக்குவம் நல்லா வரும் சம்பந்தி. உப்ப மட்டும் நீங்க போட்டுக்குங்க." பந்தியே சிரித்தது. மாமியார் சிரிக்கவில்லை. ஒரு வருஷம் உப்பு ஜாடியைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். பெரியம்மா வேடிக்கைக்குத்தான் சொன்னார், அது எனக்கும் தெரியும். என் வளைகாப்புக்கு ஐந்து சாதமும் தனியாளாக நின்று செய்தவரும் அவர்தான். அதனால் என்ன? அது அது, இது இது.

பெரியப்பா போய், குவார்ட்டர்ஸும் போனபின், பெரியம்மா தன் மகனோடு இருந்தார். சமையல் என் வீட்டுக்கு மாறியது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்கு நடக்கிற தூரத்தில் எங்கள் ஃபிளாட். எல்லாம் பெரியம்மாவின் சட்டப்படிதான் நடந்தது. பிள்ளைகளுக்கு வேலை, வாய் திறக்கக் கூடாது, மூடிமேல் கொத்து. எனக்கு வேறு மாதிரிச் சமைக்கத் தெரியாது.

போன ஆடி. பெரியம்மாவுக்கு எழுபத்தைந்துக்குமேல். கண் ஆபரேஷன் ஆகியிருந்தது, காது நன்றாகக் கேட்டது, புத்தி கத்தி மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு வேண்டும். நினைவு தப்பிய கிழவியைப் பழிவாங்கி என்ன பிரயோஜனம்?

"இந்தத் தடவை உப்பு நீங்களே போடுங்க பெரியம்மா" என்று தேனாகச் சொல்லிப் பார்த்தேன்.

"என் கை நடுங்குதுடி. புள்ளைங்களக் கூப்புடு" என்றார். வரிசையாக முஷ்டிகளைத் தாங்கிப் பார்த்து, என் மகளின் கையில் நின்றார். "அம்மா கை மாதிரியே இருக்கு. இவதான்." என் மகளுக்குப் பத்து வயசு. அவள் காது சிவந்தது.

அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என் மகளுக்கு ஒன்றும் ஆகாது, பக்கத்தில் நான் இருக்கிறேனே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

காலையில் அவள் புளியில் நான்கு பிடி போட்டாள். கொத்தை வைத்தாள். அடுப்படி வாசலில் உட்கார்ந்து இலை துடைக்கத் தொடங்கினாள். நான் தயிர் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். தட்டு நிறையக் கறிவேப்பிலை இருந்தது. இருந்தும் கையை நீட்டி, புளிச் சட்டி மூடிமேல் இருந்த கொத்தை எடுத்து எண்ணெயில் போட்டேன். படபடவென்று வெடித்தது. பெரியம்மா மூடிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். வெறும் மூடி. அதே உச்சுக் கொட்டல். நடுங்குகிற கையால் நான்கு பிடி உப்பு. நிமிர்ந்தபோது என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இலையும் ஈரத்துணியும் கையில் அப்படியே இருந்தன. நான் அடுப்பைக் குறைப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

காவேரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போனது. படைத்து, மஞ்சள் கயிறு கட்டி, இலை போட்டு உட்கார்ந்தோம். அப்பாவும் எதிரில் இருந்தார். பெரியம்மா மகன் முதல் வாயிலேயே துப்பினான். "அய்யோ, உப்பு!"

பெரியம்மா ஒரு வாய் போட்டார். "இது யார் கை?"

என் மகள் எழுந்து நின்றாள். உதடு கோணியது. அவள் பேசும் முன் நான் பேசினேன். வருஷக்கணக்காகக் குளியலறையிலும் பஸ்ஸிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம். "உங்க கைதான் பெரியம்மா. புள்ள போட்டதுக்கு மேல நீங்க ரெண்டாவது தடவை போட்டீங்க. நான் எங்கண்ணால பாத்தேன். அன்னைக்கும் நீங்கதான், இன்னைக்கும் நீங்கதான்."

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். பெரியம்மா தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். அந்த நிமிஷம் எவ்வளவு இனித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"மூடி வெறும் மூடியா இருந்துச்சேடி" என்றார். "கொத்து இல்லையே. புள்ள வெக்கலியா?"

"நான் வெச்சேன்!" என் மகள் கத்தினாள். "அம்மாதான் எடுத்தாங்க. தட்டுல அவ்ளோ இருந்துச்சு, இருந்தும் மூடி மேல இருந்ததை எடுத்தாங்க. நான் பாத்தேன்."

பதினெட்டுப் பேரின் கண்ணும் என்மேல் திரும்பியது. நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாகவே வந்தது, சாதுவாக, ஒரு சிரிப்போடு.

"சின்னப் புள்ள, தெரியாம சொல்லுது. விடுங்க."

பெரியம்மா நிமிர்ந்தார். என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"புள்ள பொய் சொல்லாதுடி."

சொல்லிவிட்டு, தன் இலையில் இருந்த அந்தப் புளிசாதத்தை முகம் சுளிக்காமல் பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

அது என் வாக்கியம். நான் காத்திருந்த வாக்கியம், நான் காத்திருந்த இடத்தில், அதே ஆட்கள் நடுவில். வேறொரு பிள்ளைக்குப் போனது. அதுவும் எனக்கு எதிராக.

திரும்பும்போது படியேற என் கையைத்தான் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். "அப்ப அன்னைக்கு?" என்று கேட்டேன்.

இரண்டு படி ஏறினார். "அன்னைக்கு நீயும் புள்ளதானடி" என்றார்.

"இத மேல வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"படி வழுக்குது, பாத்து வா" என்றார்.

தையில் செத்துப்போனார். நான் அழுதேன். பாசமும் உண்டு, பொய் சொல்லமாட்டேன். ஆனால் பாதிக்குமேல் ஆத்திரம். படியில் சொன்னதைச் சாட்சியில்லாமல் விட்டுப் போய்விட்டாரே. பதினாறாம் நாள் சாப்பாட்டில் அதை எல்லோரிடமும் சொன்னேன். பெரியம்மா மகன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "கொத்தை எடுத்தவ நீ. நீ சொல்லி நாங்க நம்பணுமா?" என்றான். அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். போன ஆடி முடிந்த நான்காம் நாள் காலையில் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். அங்கே தொட்டியில் நான் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடி, ஒரு இலைகூட இல்லாமல், நுனிக் குருத்தெல்லாம் ஒடிந்து, குச்சியாக நின்றது. கீழே வந்தேன். என் மகள் ஸ்கூலுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள். நான் ரிப்பனை வாங்கிக் கட்டிவிட்டேன். அவள் விரல்களில் கறிவேப்பிலை வாசம் வந்தது.

செடி இப்போது இரண்டு மடங்காகத் தழைத்திருக்கிறது.